ஏட்டிலிருந்து திரைக்கு

புகழ்பெற்ற நாவல் ஒன்று படமாகி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் ஆவலோடு பார்க்கப் போகிறோம். படம் முடிந்து வெளியே வரும்போது, "என்ன இருந்தாலும் புத்தகம் போல வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே வருகிறோம். இந்தப் பேச்சு ஒரு மொழிக்கோ ஒரு காலத்துக்கோ உரியதன்று. சரத் சந்திரரைப் படித்த வங்காளியரும் சொல்லியிருக்கிறார்கள். கல்கியைப் படித்த தமிழரும் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அந்த ஏமாற்றத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய சிறு விவகாரம் என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு அப்படியன்று. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள்; தமிழைக் கேட்டால் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பில்லாமையால், எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் களைத்துப் போகிறார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு வந்தியத்தேவனை அறிமுகம் செய்து வைத்தவை கல்கியின் ஐந்து பாகங்கள் அல்ல. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரண்டு படங்களே. பெரியவர்களாகிய நம் நிலைமையும் பெரிதும் வேறன்று. நம்மைச் சுற்றி வாழும் மக்களின் இலக்கியத்தைத் திரையின் வழியாகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். ஆகவே, ஒரு நூல் ஏட்டிலிருந்து திரைக்குப் போகும் வழியில் எதை இழக்கிறது என்ற கேள்வி நமக்கு ஒரு மாலைப் பொழுதின் லாப நஷ்டக் கணக்கு மட்டும் அன்று.

இந்த ஏமாற்றத்துக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்வதுண்டு. முதலாவது, நீளம். முந்நூறு பக்கமுள்ள நாவலைப் பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் வீதம் நிதானமாகப் படித்தால் பத்து மணி நேரம் ஆகும். படமோ இரண்டரை மணியில் முடிந்துவிட வேண்டும். 'பொன்னியின் செல்வ'னோ ஈராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. அதே கணக்கில் அறுபது எழுபது மணி நேரம் படிக்க வேண்டியது. இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணிதான் ஓடுகின்றன. வெட்டாமல் எப்படி முடியும் என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, முகம். நாவலைப் படிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒரு குந்தவையை, ஒரு நந்தினியைப் படைத்துக்கொள்கிறோம். ஆயிரம் வாசகர் இருந்தால் ஆயிரம் குந்தவைகள். படம் எடுப்பவரோ ஒரே ஒரு நடிகையைத்தான் நிறுத்த முடியும். அந்த ஒருத்தி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மற்ற முகங்களை எல்லாம் அழித்துவிட்டுத்தான் திரையில் தோன்ற முடியும். நம்முடைய குந்தவை காணாமற்போன வருத்தம் நமக்கு.

இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் இவை மட்டும் போதா. நீளமும் முகமும்தான் குற்றவாளிகள் என்றால், சிறந்த நூலைத் தழுவிய எந்தப் படமுமே நம்மைத் திருப்தி செய்ய முடியாது. அப்படி இல்லையே! விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' 1929 ஆம் ஆண்டில் நூலாக வந்தது. சத்யஜித் ரே 1955 இல் அதைப் படமாக்கினார். நாவலில் அந்தக் குடும்பம் கிராமத்தை விட்டுக் காசிக்குப் போன பிறகும் கதை தொடர்கிறது. படமோ மாட்டு வண்டி கிராமத்தை விட்டுக் கிளம்புவதோடு முடிந்துவிடுகிறது. வெட்டியது கொஞ்சமன்று. அப்படியிருந்தும், நூலைப் படித்தவர்களிலும் மிகப் பலர் அந்தப் படத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே வெட்டினதனாலேயே ஒரு படம் கெட்டுவிடுவதில்லை. எதை வெட்டினார்கள், எதைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கே, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஓர் அரசாணையை மொழிபெயர்க்கும்போது செய்தி வந்து சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது. விடுப்பு எத்தனை நாள், யாருக்கு உண்டு, எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பவை பிசகின்றி வந்தால் போதும். ஆனால் ஒரு கதையை மொழிபெயர்க்கும்போது, செய்தி முழுவதும் வந்து சேர்ந்த பிறகும் கதை வந்து சேராமற்போவதுண்டு. யார் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் இறந்தார் என்பதெல்லாம் இருக்கும். உயிர் மட்டும் இராது. ஏனென்றால் கதையின் உயிர் நடந்ததில் மட்டும் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரலிலும் இருக்கிறது. பாட்டி சொல்லும்போது கண்ணீர் வரவழைத்த கதையே வேறொருவர் சொல்லும்போது கொட்டாவி வரவழைப்பதை நாம் பார்த்ததில்லையா?

திரைப்படம் நூலிலிருந்து மிக எளிதாக எடுத்துக்கொள்வது நடந்த நிகழ்ச்சிகளைத்தான். காமிராவுக்குக் கிடைப்பது கண்ணுக்குத் தெரிவது. ஒலிவாங்கிக்குக் கிடைப்பது காதுக்குக் கேட்பது. கதை சொல்பவரின் குறும்பு, அவர் ஒரு பாத்திரத்தின்மேல் வைத்திருக்கும் இரக்கம், சொல்லாமல் விட்டுவிடும் சாமர்த்தியம், முடிவை நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் அடக்கம் ஆகியவை கண்ணுக்கும் தெரிவதில்லை, காதுக்கும் கேட்பதில்லை. திரையில் அவற்றுக்கு ஈடான வேறொன்றைப் படம் எடுப்பவர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் நிகழ்ச்சிகளை மட்டும் வரிசையாக அடுக்கினால், நமக்குக் கிடைப்பது கதைச் சுருக்கம். நம் ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சென்னையில் 1906 இல் பிறந்து மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயணின் 'கைடு' நாவல் 1958 இல் வெளிவந்தது. 1960 இல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. மால்குடி என்னும் கற்பனைச் சிற்றூரில் ரயில் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டிப் பிழைக்கும் ராஜு, நடனக் கலையில் ஆசை கொண்ட ரோஸி, குகைச் சித்திரங்களிலேயே மூழ்கிக் கிடக்கும் அவள் கணவன் மார்க்கோ ஆகியோரின் கதை அது. சிறையிலிருந்து வெளிவந்த ராஜு, ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த கோயிலில் வந்து அமர்கிறான். கிராமத்தார் அவனை மகானாகக் கருதிவிடுகிறார்கள். மழை பொய்த்தபோது அவனே உண்ணாவிரதம் இருக்க வேண்டியதாகிறது.

இந்த நாவலின் சுவை எங்கே இருக்கிறது? தான் மகான் அல்லன் என்பதை நிரூபிப்பதற்காக ராஜு தன் பழைய வாழ்க்கை முழுவதையும் வேலன் என்ற கிராமவாசியிடம் ஒளிக்காமல் சொல்கிறான். தன்னைத்தானே கேலி செய்துகொண்டும், நடுநடுவே தனக்காகச் சாக்குப் போக்குச் சொல்லிக்கொண்டும் சொல்கிறான். எல்லாவற்றையும் கேட்ட வேலனோ, அவனைச் சுவாமி என்று கருதுவதை விட்டபாடில்லை. அந்தக் குரலும் இந்த நம்பிக்கையும் ஒன்றோடொன்று உரசுவதிலேதான் நாவலின் நெருப்பு இருக்கிறது. கடைசியில், நாட்கணக்கில் பட்டினி கிடந்த ராஜு ஆற்றில் இறங்கி நிற்கும்போது, மலைகளில் மழை பெய்வதாக அவனுக்கு ஓர் உணர்வு தோன்றுகிறது. உண்மையிலேயே மழை பெய்ததா? அவன் பிழைத்தானா, இறந்தானா? மகானாகத்தான் ஆகிவிட்டானா? ஆசிரியர் சொல்லவில்லை. நாம் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

விஜய் ஆனந்த் இயக்கத்தில் தேவ் ஆனந்தும் வஹீதா ரஹ்மானும் நடித்த 'கைடு' ஹிந்திப் படம் 1965 இல் வந்தது. மால்குடியின் புழுதித் தெரு போய், ராஜஸ்தானத்தின் உதயப்பூர் வந்தது. படத்திலும் பின்னோக்கிச் செல்லும் காட்சிகள் உண்டு. ஆனால் அவை ராஜுவுக்கு நடந்தவற்றைக் காட்டுகின்றனவே தவிர, அவன் சொல்லும் விதத்தைக் காட்டுவதில்லை. நாவலில் மார்க்கோ தன் ஆராய்ச்சியைத் தவிர வேறெதையும் கவனியாத வறண்ட மனிதன், அவ்வளவே. படத்தில் அவனைப் பெண்பித்தனாகவும் ஆக்கிவிட்டார்கள். ஏன்? ரோஸி கணவனைப் பிரிவதற்குக் கூட்டம் ஒப்புக்கொள்ளும்படியான ஒரு நியாயம் வேண்டும் அல்லவா? நாவலாசிரியர் ஒரு பெண்ணின் மனத்தவிப்பையே போதிய நியாயமாகக் கொண்டார். படம் அதற்கு ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடித்தது. முடிவில் தாயும் ரோஸியும் வந்து சேர்கிறார்கள், மழை கொட்டுகிறது, ராஜு உயிர் துறக்கிறான். ஐயத்துக்கு இடமே இல்லை.

படம் மாபெரும் வெற்றி பெற்றது. எஸ். டி. பர்மனின் இசை இன்றும் நம் செவிகளில் ஒலிக்கிறது. வஹீதா ரஹ்மானின் நடனத்தையும் நடிப்பையும் குறை சொல்லுவார் இல்லை. தனிப் படமாகப் பார்த்தால் அது ரசிக்கத்தக்கதே. ஆனால் நாராயண் தம் மனக்குறையை ஒரு கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார். அவருடைய குறையை, ஊர் மாறிப்போன குறை என்று மட்டும் கொள்ளக் கூடாது. அவர் வேண்டுமென்றே திறந்து வைத்த கதவைப் படம் சாத்திவிட்டது. அதுதான் பெரிய இழப்பு.

இதே நாராயணின் கதைகள் 1980களின் பிற்பகுதியில் 'மால்குடி டேஸ்' என்ற பெயரில் தூர்தர்ஷனில் வந்ததை நேயர்களில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். சங்கர் நாக் இயக்கினார். கர்நாடகத்தின் அகும்பே என்ற மழை மிகுந்த சிற்றூரே மால்குடி ஆயிற்று. ஹிந்தியில் பேசிய போதிலும் அந்த மனிதர்கள் மால்குடிக்காரர்களாகவே இருந்தார்கள். ஆர்ப்பாட்டமில்லாத குரலில் சொன்ன கதைக்கு ஆர்ப்பாட்டமில்லாத படப்பிடிப்பு கிடைத்தது. ஆசிரியர் ஒருவரே, மொழி மாற்றமும் ஒன்றே. பலன் மட்டும் வேறாக இருக்கிறது.

அப்படியானால், நூலில் இல்லாத ஒன்றைப் படத்தில் சேர்ப்பதே தவறா? தவறன்று. சரத் சந்திரரின் 'தேவதாஸ்' 1917 இல் நூலாக வந்தது. அது நம் நாட்டு மொழிகள் பலவற்றில் படமாகியிருக்கிறது. 1935 இல் பரூவா வங்காளியில் எடுத்தார். நாகேஸ்வர ராவ் நடித்த தெலுங்கு, தமிழ்ப் படங்கள் 1953 இல் வந்தன. 1955 இல் பிமல் ராய் ஹிந்தியில் எடுத்தார். 2002 இல் சஞ்சய் லீலா பன்சாலி மறுபடியும் ஹிந்தியில் எடுத்தார். நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. பிமல் ராய் இவ்விருவரையும் ஒரு சாலையில் எதிரெதிரே வரச் செய்தார். ஒருத்தி பல்லக்கில், மற்றொருத்தி நடையில். ஒரு கணம் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தையும் பேசாமல் கடந்து போகிறார்கள். நாவலில் இல்லாத காட்சி இது. எனினும் நாவல் முழுவதும் சொல்ல முயலும் துயரத்தை அந்த மௌனம் சொல்லிவிடுகிறது. ஒரே மனிதனை இழந்த இரு பெண்கள். பழகிக்கொள்ளக்கூட உலகம் இடம் கொடாத இரு பெண்கள்.

2002 ஆம் ஆண்டுப் படத்தில் அதே இரு பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து நடனமாடுகிறார்கள். ஆடை, அணி, விளக்கு, தாளம் எல்லாம் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் ஜமீன் வீட்டு மருமகளும் கணிகையும் ஊரறியக் கைகோத்து ஆட முடியுமானால், தேவதாஸ் அழிந்ததற்குக் காரணமான அந்தச் சமூகச் சுவர் எங்கே போயிற்று? சுவரே இல்லாத ஊரில் யார் தலையை எதில் மோதிக்கொள்வது? பிமல் ராய் சேர்த்தது நூலின் உள்ளிருந்து முளைத்தது. இது இரண்டு பெரிய நட்சத்திரங்களை ஒரே சட்டத்தில் காண விரும்பும் கூட்டத்தின் ஆசையிலிருந்து முளைத்தது. சேர்த்தல் இரண்டுக்கும் பொது, வேர்தான் வேறு.

இங்கே படத் தொழிலின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாவலை எழுதக் காகிதமும் மையும் பொறுமையும் போதும். அது ஆயிரம் பிரதி விற்றாலும் நாவல்தான். நூறு ஆண்டு காத்திருந்து வாசகரைத் தேடிக்கொள்ளவும் அதனால் முடியும். படமோ பெரும் முதலைக் கொட்டி எடுப்பது. சில வாரங்களுக்குள் அந்த முதலைத் திருப்பித் தந்தாக வேண்டியது. ஆகவே இலட்சக்கணக்கானவர் ஒரே சமயத்தில் ஒப்புக்கொள்ளும்படி எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற அச்சம் படம் எடுப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய நூல்கள் எல்லாரும் உடனே ஒப்புக்கொள்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. புகழ்பெற்ற நூலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமான அந்தப் புகழே, அதில் கைவைக்கும்போது அச்சத்தையும் கொண்டுவந்துவிடுகிறது. அச்சத்தில் ஐயங்கள் தீர்ப்புகளாகின்றன, மௌனங்கள் வசனங்களாகின்றன.

இந்த அச்சத்துக்கு ஆளாகாதவர் என்ன செய்கிறார் என்பதைப் 'பதேர் பாஞ்சாலி'யில் பார்க்கலாம். ரே அந்த நாவலை முதலில் அணுகியது ஓவியராக. குழந்தைகளுக்கான அதன் சுருக்கப் பதிப்புக்கு 1940களில் அவர் சித்திரங்கள் வரைந்தார். எந்த இடத்தில் சொல் நிற்கலாம், எந்த இடத்தில் படம் பேசலாம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நட்சத்திரங்களை அவர் தேடவில்லை. மேடையை விட்டு நெடுநாள் ஒதுங்கியிருந்த சுனிபாலா தேவி என்ற முதியவரை இந்திர் பாட்டியாக நடிக்க வைத்தார். நாவலில் அந்தப் பாட்டி தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார். படத்தில் ரே அவரை இன்னும் நெடுந்தூரம் வாழவிட்டார்.

நாவலில் துர்காவும் அப்புவும் ரயில் பாதையைத் தேடி ஓடி, வழி தவறித் திரும்பிவிடுகிறார்கள். ரயிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலே துர்கா இறந்துபோகிறாள். படத்திலோ, வெண்ணிறப் பூக்கள் அசையும் நாணல் வெளிக்கு நடுவே கரும்புகை கக்கிக்கொண்டு ரயில் வருகிறது. அப்பு ஓடிப் பார்க்கிறான். இவ்வளவு பெரிய மாற்றத்தை நாவலின் அன்பர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்? நாவலின் உயிர், ஒரு குழந்தை உலகத்தைப் புதிதாகக் கண்டு வியக்கும் வியப்பில் இருக்கிறது. ஆசிரியர் பக்கம் பக்கமாகச் செடி கொடிகளின் பெயரைச் சொல்லி எழுப்பிய அந்த வியப்பை, ரே ஒரு வெளியையும் ஒரு புகைக்கோட்டையும் கொண்டு எழுப்பிவிட்டார். வேலையிலிருந்து திரும்பிய தந்தை, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்துக் கொடுக்கும்போது, தாய் கதறும் குரலை அவர் நமக்குக் கேட்கவிடவில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் அழுகிறது. சொல்லுக்கு ஈடாக வேறொன்றைக் கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை ஆதாரமாகக் கொண்டு மகேந்திரன் 1979 இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். கதையையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவான நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. தாயை இழந்த குழந்தைகளின் நிலை என்ற ஒரு வித்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மகேந்திரன் வேறொரு மரத்தையே வளர்த்தார். ஆயினும் அந்தக் கடைசிக் காட்சியில், தந்தை ஆற்றில் மறைந்த பிறகு கரையில் நிற்கும் அந்தக் குழந்தைகளைப் பார்க்கும்போது, புதுமைப்பித்தனுக்குத் துரோகம் நடந்ததாக யாரும் நினைப்பதில்லை. கண் கலங்காத உண்மை என்பது புதுமைப்பித்தனின் குரல். படத்திலும் அது இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பெரிய நாவல்களைக் காட்டிலும் நெடுங்கதைகளும் சிறுகதைகளும் திரையில் நன்றாக அமைகின்றன. தாகூரின் 'நஷ்டநீட்' என்ற நெடுங்கதையிலிருந்து 1964 இல் ரேயின் 'சாருலதா' பிறந்தது. சிறிய கதையில் இட்டு நிரப்ப இடம் இருக்கிறது; பெரிய நாவலில் இடித்துத் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. சிறு வீட்டுக்கு ஒரு கூடம் சேர்ப்பது வேறு. அரண்மனையை இடித்துச் சிறு வீடு கட்டுவது வேறு.

'பொன்னியின் செல்வ'னுக்கு நேர்ந்ததும் இதுவே. மணி ரத்தினத்தின் படங்களில் போரும் கடலும் கோட்டையும் கம்பீரமாக இருக்கின்றன. ஆனால் கடம்பூர் இளவரசி மணிமேகலை அவற்றில் இல்லவே இல்லை. இத்தனை பாத்திரங்களுள் ஒருத்தி போனால் என்ன என்று கேட்கலாம். கல்கி தம் ஐந்து பாகங்களையும் எங்கே கொண்டுபோய் முடிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மகுடாபிஷேகத்தில் அன்று, வந்தியத்தேவனை நேசித்த அந்தப் பேதைப் பெண்ணின் மரணத்தில். அரசர்களின் கதையைச் சொல்லி வந்தவர், பதவியும் வெற்றியும் இல்லாத ஓர் உள்ளத்துக்குக் கடைசி வணக்கத்தைச் செலுத்திவிட்டு விடைபெறுகிறார். அவள் போனால் போவது ஒரு பாத்திரம் அன்று. ஆசிரியரின் இரக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற செய்தி. அதுபோலவே, "வாசகர்களே" என்று அழைத்துக் கைப்பிடித்துக் கூட்டிச் செல்லும் கல்கியின் தோழமைக் குரலுக்கும் படத்தில் இடமில்லை. தொடக்கத்தில் சிறிது நேரம் ஒரு குரல் கதைப் பின்னணியைச் சொல்கிறது. பின்னர் அது மறைந்துவிடுகிறது.

இவ்வளவும் சொன்னது படங்களைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக அன்று. நன்றாகப் பாருங்கள், குழந்தைகளோடு சேர்ந்தே பாருங்கள். அந்தப் படங்கள் வந்த பிறகு, சோழர் என்ற பெயரையே அறியாத பிள்ளைகள் தஞ்சைக் கோயிலைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள் என்றால், அது சிறிய நன்மையன்று. ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்தில் ஏமாற்றம் அடைகிறவரைப் பற்றி நாம் வருந்த வேண்டியதில்லை. அவரிடம் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. எந்தப் படமும் அதைப் பறிக்க முடியாது. நாம் கவலைப்பட வேண்டியது, ஏமாற்றமே அடையாத பிள்ளையைப் பற்றி. மணிமேகலை என்று ஒருத்தி இருந்தாள் என்பதே அவனுக்குத் தெரியாது. இழந்தது இன்னதென்று அறியாதவனுக்கு இழப்பே இல்லை; அந்த நிம்மதிதான் நம்மை அச்சுறுத்த வேண்டும்.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கிறது. காதால் தமிழ் அறிந்த குழந்தைக்குக் கண்ணால் படிக்க வராதது பெரிய தடையன்று. கல்கியின் கதைகள் வாரந்தோறும் பத்திரிகையில் வந்த காலத்தில், பல வீடுகளில் ஒருவர் படிக்க மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அந்தக் குரல் உரக்கப் படிப்பதற்கு ஏற்ற குரல். படம் பார்த்த வாரத்திலேயே, ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வரும் முதல் அத்தியாயத்தைக் குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். இருபது நிமிஷம் போதும். டில்லித் தமிழ்ச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் வெளி மாநிலங்களில் நூல்நிலையங்களை நடத்திவருகின்றன. புத்தகம் கிடைக்கவில்லை என்ற குறைக்கும் இடமில்லை. பிற மொழி நூல்களுக்கும் வழியுண்டு. தகழியின் 'செம்மீன்' 1965 இல் ராமு காரியட்டின் படமாக வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது; அந்த நாவலைச் சுந்தர ராமசாமி அழகாகத் தமிழாக்கியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு நல்ல கல்வி.

படம் பார்த்து வந்ததும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இந்தக் கதையை உனக்குச் சொன்னது யார்?" அந்தக் கேள்விக்கு அவர்கள் விடை தேடத் தொடங்கினால், நடிகரின் பெயரும் இயக்குநரின் பெயரும் முதலில் வரும். பிறகு ஒருநாள் ஆசிரியரின் பெயர் வரும். அன்று அவர்கள் புத்தகத்தைக் கையில் எடுப்பார்கள், எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள். பிறகு நம்மைப் போலவே, "என்ன இருந்தாலும் புத்தகம் போல வரவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்தக் குறையை அவர்கள் வாயால் கேட்கும் நாள் நமக்கு நல்ல நாள்.